சாணி கேஸ் வீட்டுக் கூழ்

எங்கள் வீட்டில் ஊரார் யாரும் கை நனைக்க மாட்டார்கள். பகை ஒன்றும் கிடையாது. வாசலில் நின்று நன்றாகத்தான் பேசுவார்கள். ஏரியில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது, உத்திரமேரூரில் நெல் என்ன விலைக்குப் போகிறது, யார் வீட்டுப் பெண் எங்கே வாக்கப்பட்டது, எல்லாம் வரும். "தண்ணியாவது குடிச்சிட்டுப் போங்களேன்" என்று நான் வாயைத் திறந்தால் போதும், அவரவருக்கு வீட்டில் ஏதோ வேலை ஞாபகம் வந்துவிடும். அப்படிப் பல வருஷம் அந்த வீட்டில் இருந்தேன். காரணம் என் அடுப்பு.

என் வீட்டுக்காரருக்கு உத்திரமேரூரில் அரசாங்க வேலை. ஊர் ஊராகப் போய், மாட்டுச் சாணத்தைத் தொட்டியில் கரைத்து ஊற்றினால் அடுப்பெரிக்க வாயு கிடைக்கும், எல்லாரும் வீட்டுக்கு ஒன்று கட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்வதுதான் வேலை. ஆபீசில் அதற்கு நீளமாக ஒரு பெயர் உண்டு. ஜனங்கள் சாணி கேஸ் என்பார்கள். விறகு மிச்சம், புகை இல்லை, கரைசல் வயலுக்கு உரம் என்று சொன்னால் ஆபீசுக்குப் போதும். இவர் அதோடு நிறுத்த மாட்டார். பேப்பரிலும் ரேடியோவிலும் பிடித்த சங்கதியையும் சேர்த்துக்கொள்வார். குப்பைக் குழியில் சாணி சும்மா கிடந்து மக்கும்போது அந்த வாயு மேலே போகிறது, கம்பளி போர்த்தின மாதிரி பூமியைச் சுற்றி நின்று சூட்டை வெளியே விடமாட்டேன் என்கிறது, அதைப் பிடித்து எரித்துவிட்டால் அவ்வளவு கெடுதல் இல்லை, மரத்தையும் வெட்ட வேண்டாம் என்பார். தொண்ணூறுகளில் எங்கள் பக்கத்தில் இதை யார் கேட்டார்கள்? வெயில் அடித்தால் சித்திரை என்பார்கள், அவ்வளவுதான்.

மானாம்பதி பக்கம் ஒரு கூட்டத்தில் ஒரு ஆள் எழுந்து, "அமெரிக்காகாரன் வூட்டுக்கு மூணு காரு வச்சிக்கினு கீறான். அவன வுட்டுட்டு எங்க மாட்டு சாணியாண்ட ஏன் சார் வர்றீங்க?" என்று கேட்டானாம். கூட்டமே சிரித்திருக்கிறது. இவரும் சிரித்துவிட்டு, "நாயமான கேள்விதான். பெரிய தேசம் பெருசா நிறுத்தணும். அவனோட பேச டில்லில ஆளு கீறாங்க. என்னாண்ட குடுத்து அனுப்பிச்சது சாணி. நாம அத்த பாப்போம்" என்றிருக்கிறார். அவன் அதற்கும் அசரவில்லை. "சரி சார், உங்க வூட்ல கீதா இது?" என்று அடுத்த கேள்வியைப் போட்டான்.

எங்கள் வீட்டில் அப்போது இல்லை. நான் விறகடுப்பில்தான் ஊதிக்கொண்டிருந்தேன். அன்று வீட்டுக்கு வந்தவர் சைக்கிளை நிறுத்திய கையோடு கொல்லைப்புறத்தைக் காலால் அளக்க ஆரம்பித்துவிட்டார். ஒரு மாதத்தில் கிணறு மாதிரி ஒரு தொட்டியும், அதன்மேல் கவிழ்த்த பெரிய இரும்பு மூடியும் வந்தன. வாயு சேரச் சேர மூடி மேலே எழும். எரிக்க எரிக்கக் கீழே இறங்கும். அதைப் பார்த்தே இன்று எத்தனை பாத்திரம் அடுப்பில் ஏறும் என்று சொல்லிவிடலாம். நீலமாக, சத்தமில்லாமல் எரிந்தது. புகையில்லாத அடுப்பங்கரையில் நின்றும் முதல் நாள் எனக்குக் கண் கலங்கியது. பழக்கதோஷம் என்று இவரிடம் சொன்னேன். உண்மையில் சந்தோஷம்தான்.

அதோடு விட்டிருக்கலாம். எங்களிடம் இருந்தது இரண்டு மாடு. இன்னும் கொஞ்சம் வாயு கிடைக்கட்டும், எதுவும் வீணாகக்கூடாது என்று, புதிதாகக் கட்டிய கக்கூசுக்கும் ஒரு குழாய் போட்டு அதே தொட்டியில் சேர்த்துவிட்டார். ஆபீஸ் புத்தகத்தில் அப்படிச் செய்யலாம் என்று படம் போட்டிருந்ததாம். எங்களுக்குப் பிள்ளை குட்டி இல்லை. நாங்கள் இரண்டு பேர் சேர்ந்து என்ன பெரிய வாயு உண்டாக்கிவிடப் போகிறோம்? கூட ஒரு டீ கொதித்தால் அதிகம். அந்த ஒரு டீக்காக ஊரோடு உண்ணுவதையே விட வேண்டியதாயிற்று.

கட்டி முடிந்ததும் ஊரைக் கூப்பிட்டு டீ கொடுத்தார். ஆண்கள் எல்லாம் கொல்லையில் நின்று மூடியைத் தட்டிப் பார்த்தார்கள். பெண்கள் அடுப்பங்கரை வாசலில் நின்று நீல நெருப்பைப் பார்த்து, "கரியே புடிக்கலயே" என்று பாத்திரத்தின் அடியைத் தடவிப் பார்த்தார்கள். எனக்கு அன்று தலைகால் புரியவில்லை. வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் அவ்வளவு கூட்டத்தை நான் பார்த்ததில்லை. அப்போது யாரோ, "சாணி இந்த வழியா போவுது, சரி. அந்தாண்ட ஒரு கொயா வருதே, அது இன்னாது?" என்று கேட்டார்கள்.

வேறு யாராயிருந்தாலும் மழைத்தண்ணீர்க் குழாய் என்று சொல்லியிருப்பார்கள். இவர் பெருமையாக விளக்க ஆரம்பித்தார். அவர் சொல்லச் சொல்ல டம்ளர்கள் ஒவ்வொன்றாகத் தரைக்கு இறங்கின. முழு டம்ளரையும் குடித்துவிட்டிருந்த ஒருவர் வேலிப்பக்கம் போய்க் காறித் துப்பிவிட்டு வந்தார். என் வீட்டுக்காரருக்குச் சித்தப்பா முறை ஒருவர் இருந்தார், அம்மன் கோயில் காரியங்களைப் பார்ப்பவர். அவர் மட்டும் கோபப்படாமல் கேட்டார்.

"சாணி சரிப்பா. அது லட்சுமி. இது இன்னா?"

"நெருப்புக்கு ஏது சித்தப்பா தீட்டு?"

"நெருப்புக்கு இல்ல. வாய்க்கு கீதுப்பா."

 இவர் ஒரு வாரம் யோசித்துவிட்டு அந்தக் குழாயை சிமெண்ட் வைத்து அடைத்தார். சித்தப்பாவை அழைத்துவந்து காட்டவும் செய்தார். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "கொயாய அடச்சிட்ட. தொட்டி அதே தொட்டிதானே" என்று போய்விட்டார். தொட்டியை இடித்துவிட்டு வேறு கட்ட எங்களுக்கு வசதியில்லை. அன்றிலிருந்து நாங்கள் சாணி கேஸ் வீட்டுக்காரர்கள்.

எங்கள் பக்கத்தில் ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் வார்ப்பார்கள். ஒவ்வொரு வீட்டிலும் கேழ்வரகுக் கூழ் காய்ச்சி, பானைக்கு மஞ்சள் பூசி வேப்பிலை கட்டி, கோயிலுக்குத் தூக்கிப் போவோம். அங்கே ஒரு பெரிய அண்டா இருக்கும். எல்லா வீட்டுக் கூழும் அதில்தான் விழும். விழுந்தபிறகு எது யார் வீட்டுக் கூழ் என்று கிடையாது. கலக்கி எல்லாருக்கும் ஊற்றுவார்கள், கூடவே முருங்கைக் கீரையும் கருவாட்டுக் குழம்பும். திருப்புட்குழிப் பக்கம் என் தாய்வீட்டிலும் இதே வழக்கம்தான். சின்ன வயசில் எங்கள் வீட்டுப் பானை எப்போது அண்டாவில் கவிழும் என்று எட்டி எட்டிப் பார்ப்பேன்.

அந்த வருஷம் ஆடியில் சித்தப்பா வாசலுக்கு வந்தார். உள்ளே வரவில்லை.

"அம்மாடி, நீ சிரமப்படாத. மாவா குடுத்துடு. அங்கயே காச்சிக்கிறோம்."

"ஏன் மாமா, எனக்குக் காச்சத் தெரியாதா?"

"தெரியாம இன்னா. ஊர் வாய் கீதே. அப்புறம் அண்டாவுலேர்ந்து ஒருத்தனும் குடிக்க மாட்டான், ஆத்தாளுக்கு ஆவாது."

மாவை எடுத்துக்கொடுத்தேன். வேறு என்ன செய்வது? இவர் ஆபீசிலிருந்து வந்ததும் எரிந்து விழுந்தேன். ஒரே ஒரு நாள் கொல்லையில் மூன்று கல்லை வைத்து விறகில் காய்ச்சிவிடுகிறேன், ஊரோடு ஒத்துப்போவோம் என்றேன். இவர் சட்டையைக் கழற்றிக்கொண்டே, "ஒரு நாளு நீ வெறகுல காச்சிட்டா, நான் ஊர் ஊரா போயி சொல்றது அத்தனையும் பொய்யாயிடும்" என்றார். அவர் கத்தமாட்டார். அதுதான் கஷ்டம். கத்தினால் நானும் கத்தி என் வழிக்குக் கொண்டுவந்திருப்பேன். அன்று என் நீல நெருப்பில் நானும் கூழ் காய்ச்சினேன், இரண்டு பேருக்கு. அடுப்பங்கரையில் உட்கார்ந்து, கோயில் பம்பைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே, ஊர்க்காரர்களை ஒருவர் விடாமல் திட்டிக்கொண்டே குடித்தோம். நான் திட்டினேன். அவர் சிரித்தார்.

அதற்கப்புறம் வருஷா வருஷம் மாவுதான். ஒவ்வொரு ஆடிக்கும் இந்தத் தடவையாவது பானையோடு வரச் சொல்வார்கள் என்று மனசுக்குள் ஒரு நப்பாசை இருக்கும். பெரிதாக எனக்கு வேறு ஆசை இருக்கவில்லை. நான் காய்ச்சின கூழ் அந்த அண்டாவில் விழ வேண்டும். அது விழுந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று தோன்றும். பகலில் இவர் ஆபீசுக்குப் போனபிறகு வீட்டில் நானும் மாடுகளும்தான். சாணியைக் கரைத்து ஊற்றுவேன், குப்பையைக் கொளுத்தாமல் உரக்குழியில் போடுவேன், போகிக்கு டயர் கொளுத்த வரும் பசங்களை இவர் சொல்லிக்கொடுத்தபடி விரட்டிவிடுவேன். அதனால் பசங்களும் வரமாட்டார்கள். சில நாள் மாட்டோடு பேசுவேன். அதுகள் கேட்டுக்கொள்ளும்.

அப்படியிருக்கும்போது ஒரு ஐப்பசியில் விடாமல் மழை பிடித்தது. ஏரி நிரம்பி, மிச்சத் தண்ணீர் போகிற கலங்கல் வழிந்தது. பஸ் நின்றுபோயிற்று. எல்லார் வீட்டு விறகும் வறட்டியும் ஊறிப்போய்விட்டன, ரேஷனில் மண்ணெண்ணெய் வரவில்லை. ஒரு காலை பக்கத்து வீட்டுப் பெண் தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு, கையில் ஒரு பாத்திரத்தோடு எங்கள் கொல்லைப் பக்கம் வந்து நின்றாள். என்னைவிட சின்னவள். கைக்குழந்தைக்காரி. நாலு மாடு வைத்திருந்தாள்.

"அக்கா, கொயந்திக்கு பால் காச்சணும். அடுப்பு புடிக்கவே மாட்டேங்குது."

"உள்ள வா" என்றேன். எத்தனையோ வருஷம் கழித்து அதை ஒருத்தியிடம் சொன்னேன். அவளும் வந்தாள்.

மறுநாள் அரிசிப் பானையோடு வந்தாள். அவளைப் பார்த்து இன்னும் சில பேர் வந்தார்கள். ஆளுக்கொரு பானை. அடுப்பு ஒன்றுதான் என்பதால் முறைவைத்துக் குந்திக்கொண்டு கதை பேசினார்கள். ஈரப் புடவையும் சோற்று ஆவியும் பேச்சுமாக என் அடுப்பங்கரை கல்யாண வீடு மாதிரி இருந்தது. இவர் கொல்லையில் முழங்கால் தண்ணீரில் நின்று சாணி கரைத்தார். வருகிறவர்களை ஆளுக்கு ஒரு கூடை சாணியும் கொண்டுவரச் சொன்னார். இன்று ஊற்றுகிற சாணி இன்றே எரியாது. ஆனாலும் கொண்டுவந்தார்கள். ஊர்ச் சாணி எல்லாம் எங்கள் தொட்டியில் விழுந்தது அந்த மழையில்தான். மூடி இறங்கிவிடுமே என்று நாங்கள் எங்களுக்கு உலை வைக்கவில்லை. பழையதைத் தின்றுகொண்டோம். அதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

பக்கத்து வீட்டுக்காரி சோற்றை வடித்து நிமிர்ந்தபோது, "ஒரு வாய் இங்கயே சாப்ட்டுட்டுப் போயேன். நான் ரசம் வச்சித் தரேன்" என்றேன். அவள் முந்தானையால் பானையை மூடினாள்.

"வூட்ல துன்றேன்க்கா. அவங்க காத்துக்கினு கீறாங்க."

அவள் பானை, அவள் அரிசி, என் நெருப்பு. அது ஆயிற்று. என் ரசம் ஆகவில்லை. முன்பு யாரும் வராமல் இருந்தபோதுகூட எனக்கு அவ்வளவு வலித்ததில்லை. இவரிடம் சொன்னபோது தலையைத் துவட்டிக்கொண்டே சந்தோஷப்பட்டார். "நெருப்பு அவங்க வூட்டுக்குள்ள போயிடிச்சி பாத்தியா. அடுத்தது நீயும் போவே. வர்ற ஆடிக்கு மாவு குடுக்காத, பானைய எடு" என்றார்.

மழை விட்டது. விறகு காய்ந்தது. அப்புறம் யாரும் வரவில்லை. அந்த மாசியில் இவருக்கு நிமோனியா என்று காஞ்சிபுரம் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். திரும்பக் கொண்டுவந்தபோது வேனில் படுக்கவைத்துக் கொண்டுவந்தார்கள்.

காரியத்துக்குச் சமையல் சித்தப்பா வீட்டுக் கொல்லையில் நடந்தது. எங்கள் வீட்டில் நடந்தால் யார் சாப்பிடுவார்கள்? ஏரிக்கரைக் கருவேல மரத்தை வெட்டி வண்டியில் கொண்டுவந்து அடுக்கினார்கள். பெரிய பெரிய அடுப்பு, ஊரே புகை. இவர் சாகிறவரைக்கும் எந்த மரத்தை வெட்டாதே என்று சொல்லித் தொண்டை வற்றினாரோ அந்த மரத்தில் வெந்த சோற்றை எல்லாரும் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, நல்ல மனுஷன் என்றார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அழுகைகூட ஒழுங்காக வரவில்லை.

அதற்கப்புறம்தான் ஒன்று தெரிந்தது. சாணி கேஸ் தனியாளுக்கு எரியாது. என்னால் இரண்டு மாட்டைக் கட்டி மேய்க்க முடியவில்லை, ஒன்றை விற்றேன், பிறகு மற்றதையும் விற்றேன். மூடி நாளுக்கு நாள் தாழ்ந்தது. பக்கத்து வீட்டுக்காரியிடம் போய் தினம் ஒரு கூடை சாணி கேட்டேன். கொஞ்ச நாள் அவளே தலையில் வைத்துக்கொண்டுவந்து கொட்டினாள். உன் மாட்டுச் சாணி முழுக்க இதில் ஊற்று, உன் வீட்டுக்கும் ஒரு குழாய் இழுத்துக்கொள்ளலாம், கரைசலை உன் வயலுக்கே விட்டுக்கொள் என்று சொல்லிப்பார்த்தேன். இவர் இருந்தால் படம் போட்டுக் காட்டியிருப்பார். அவள் வீட்டுக்காரனுக்கு அது பிடிக்கவில்லை. "வயலுக்கு எரு பத்தலன்றாருக்கா" என்று ஒரு நாள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அவள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவள் என்ன செய்வாள்?

நெருப்பு பால் காய்ச்சுகிற அளவுக்கு வந்தது. பிறகு தீக்குச்சியைக் கிழித்துக் காட்டினால் சும்மா ஒரு முறை பக்கென்று எரிந்து அடங்கும். மூடி அடியில் போய் உட்கார்ந்து துருப்பிடிக்க ஆரம்பித்தது. இவர் இருந்தவரை வருஷம் தவறாமல் அதற்குக் கறுப்புப் பெயிண்ட் அடிப்பார். நான் மண்ணெண்ணெய் ஸ்டவ்வுக்கு மாறினேன். உலகத்தைச் சூடாகாமல் பார்த்துக்கொள்ள வீட்டுக்கு ஒருவர் போதும் என்பது மாதிரிதான் இவர் பேசுவார். இல்லை. ஒருவரால் ஒரு டம்ளர் பாலைக்கூடக் காய்ச்ச முடியாது. பக்கத்தில் ஆள் வேண்டும், ஆளுக்கு மாடு வேண்டும், மாட்டுக்காரனுக்கு மனசு வேண்டும். தேசங்கள் கூடிக் கூடிப் பேசுவதாக ரேடியோவில் சொன்னார்கள். ஒரு கூடை சாணிக்கு அடுத்த வீட்டோடு பேசி முடிக்க முடியாதவள் நான், அவர்கள் எப்படி முடிப்பார்களோ என்று நினைத்துக்கொள்வேன்.

இவர் போன வருஷத்து ஆடி துக்க ஆடி. மாவுகூட வாங்கவில்லை. அதற்குள் எங்கள் பக்கமும் சிலிண்டர் வர ஆரம்பித்தது. பக்கத்து வீட்டுக்காரி தனக்குப் பதிந்தபோது என்னையும் உத்திரமேரூருக்கு பஸ்ஸில் இழுத்துக்கொண்டு போய்ப் பதியவைத்தாள். "எத்தினி நாளைக்குக்கா மண்ணெண்ண நாத்தத்துல கெடப்பே" என்றாள். அடுத்த ஆடி பிறக்கிற சமயத்தில் சிவப்பு சிலிண்டர் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அதே நீல நெருப்புதான். திருகினால் வந்தது. சாணி வேண்டாம், மாடு வேண்டாம், பக்கத்தில் ஆளும் வேண்டாம்.

கூழ் வார்க்கிற நாளுக்கு முன் சித்தப்பா வந்தார். தள்ளாடிப் போயிருந்தார்.

"அம்மாடி, இந்த வருசம் பானையோட வா."

எனக்கு முதலில் புரியவில்லை. மாவுப் பாத்திரத்தைத் தேடிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். போனபிறகுதான் அவர் சொன்னது உறைத்தது.

கூழ் காய்ச்சி, பானைக்கு மஞ்சள் பூசி, வேப்பிலை கட்டிக் கோயிலுக்குத் தூக்கிப் போனேன். பொட்டில்லாதவள் பானை தூக்கலாமா என்று யாரும் கேட்கவில்லை, எங்கள் ஆத்தாளுக்கு அந்தப் பேதம் கிடையாது. அண்டாவின் அருகில் நின்ற ஒரு கிழவி மட்டும் என்னைப் பார்த்துவிட்டு, "எதுல காச்சினது?" என்றாள். நான் வாய் திறப்பதற்குள் பக்கத்து வீட்டுக்காரி முன்னால் வந்து, "சிலிண்டருதான். அத்தெல்லாம் எப்பவோ வுட்டாச்சி" என்று பானையை என்னிடமிருந்து வாங்கி அண்டாவில் கவிழ்த்தாள். மற்றக் கூழோடு கலந்துபோயிற்று. ஒருவர் முகமும் மாறவில்லை. அத்தனை வருஷம் நான் ஏங்கியது ஒரு நொடியில் முடிந்துவிட்டது.

வரிசையில் என்னையும் உட்கார்த்திவைத்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி என் சொம்பில் கூழை ஊற்றி, என் பக்கத்திலேயே தானும் குந்தினாள். அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. பாசாங்கு இல்லை, என்மேல் அவளுக்கு நிஜமான பிரியம்.

"சார் இருந்திருந்தா எவ்ளோ சந்தோசப்பட்டிருப்பாரு, இல்லக்கா" என்றாள்.

இவர் இருந்திருந்தால் அந்தக் கூழ் அண்டாவில் விழுந்திருக்காது. கொல்லையில் சாணியைக் கரைத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்திருப்பார். இரண்டு பேராக அடுப்பங்கரையில் உட்கார்ந்திருப்போம். எனக்கு அதுதான் வேண்டியிருந்தது.

"ஆமாம்மா" என்றேன். அவள் என் சொம்பில் இன்னும் கொஞ்சம் ஊற்றினாள்.